பெரிய வண்டியும் சிக்கனமும்

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. முன்னதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். பின்னதற்குப் பயம் ஒன்றே போதும். இந்த வேறுபாட்டை மோட்டார் சைக்கிள் வாங்கும் விஷயத்தில் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். அதை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

நம் சங்கத்து அன்பர்களில் பலர் ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு பெங்களூரில் படிக்கிறவர்கள். வீட்டு வாடகை அங்கே குறைவு. பெற்றோரும் உடன் இருக்கிறார்கள். ஆகையால் விடுதியை நாடாமல் நாள்தோறும் வந்து போகிறார்கள். காலையில் அத்திப்பள்ளியைத் தாண்டி, சந்தாபுரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு வழியாக நகருக்குள் நுழைந்து நம் வளாகம் வந்து சேர ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மாலையில் அதே 45 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். சோதனைச்சாலையில் வேலை நீண்டுவிட்டால் அந்த மாலை, இரவாகிவிடும். நானும் இரண்டு வருஷமாக இந்தச் சாலையில் 350 சி.சி. வண்டி ஒன்றில் வந்து போகிறவன். அந்த அனுபவத்தைக் கொண்டே பேசுகிறேன்.

நாள் ஒன்றுக்கு 90 கிலோமீட்டர் போய் வருகிறவனுக்கு எந்த மோட்டார் சைக்கிள் ஏற்றது? விடுதி வராந்தாவிலும் காண்டீனிலும் இந்தக் கேள்வி எழாத வாரமே இல்லை. விடை சொல்லுகிறவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். முதற் கட்சிக்கு 'மைலேஜ் கட்சி' என்று பெயர் வைக்கலாம். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்காத வண்டியை அவர்கள் வண்டியாகவே மதிப்பதில்லை. இரண்டாவது 'சி.சி. கட்சி'. எஞ்சினின் கன அளவு கூடக் கூட ஆளின் மதிப்பும் கூடுவதாக அவர்கள் எண்ணம். பெட்ரோல் கணக்குக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இரு கட்சியாரும் என் நண்பர்களே. ஆயினும் இரண்டிலும் சேர நான் மறுக்கிறேன். தூரமும் சாலையும் வண்டியைத் தேர்ந்தெடுக்கட்டும். வாங்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மட்டும் நம் வேலையாக இருக்கட்டும். இதுவே என் கட்சி.

மைலேஜ் கட்சியின் நியாயம்

மைலேஜ் கட்சியினரை ஏளனம் செய்வது எளிது. அது நியாயம் ஆகாது. நம் நாட்டில் மோட்டார் சைக்கிள் நடுத்தரக் குடும்பத்தின் வாகனமாக ஆனதே மைலேஜினால்தான். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றி புல்லட்டைத் தந்தது. அறுபதுகளில் மைசூரிலிருந்து ஜாவாவும், ஃபரீதாபாத்திலிருந்து ராஜ்தூத்தும் வந்தன. இவை நல்ல வண்டிகளே. எனினும் சாதாரண குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டியவை அல்ல. 1980-ல், நாம் நாள்தோறும் புறப்படும் அதே ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. பால்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் எஞ்சின் வைத்த வண்டியில் ஏறியது அதன் பிறகுதான். நூறு சி.சி. வண்டி இந்நாட்டுக்குச் செய்த தொண்டு பெரிது. நாம் உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது. அதை மிச்சம் பிடிக்கிறவனைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த வண்டி எந்தச் சாலைக்காகப் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கடைத்தெருவுக்கும், ஆபீசுக்கும், பக்கத்து ஊருக்கும் போய் வரப் பிறந்தது அது. உதாரணமாக ஸ்ப்ளெண்டரை எடுத்துக்கொள்வோம். 97 சி.சி. எஞ்சின், ஏறக்குறைய 8 குதிரை சக்தி, அந்தச் சக்தியும் நிமிஷத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டரில் ஓட்டினால் இதைவிடச் சிக்கனமான தோழன் கிடையாது. நம் சாலையோ வேறு ரகம். ஓசூரிலிருந்து முதல் 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பகுதி திறந்த நெடுஞ்சாலை. அதன் பின் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு பக்கம் வரை, 2010-ல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலச் சாலை. கடைசியில் நகரத்து நெரிசல். அதாவது வழியில் மூன்றில் இரண்டு பங்கு, லாரிகளோடும் வெளியூர் பஸ்களோடும் சேர்ந்து மணிக்கு 70, 80 கிலோமீட்டரில் போக வேண்டிய சாலை. அந்த வேகத்தில் நூறு சி.சி. எஞ்சின் தன் சக்தியில் பெரும்பகுதியைச் செலவிட்டு நிற்கிறது. பின்னால் வருகிற லாரிக்கு ஒதுங்க வேண்டுமானாலும், முன்னால் போகிற டெம்போவைத் தாண்ட வேண்டுமானாலும், திருகுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. மிச்சம் இல்லாதபோது லிட்டருக்கு 60 என்ற கணக்கும் நிற்பதில்லை.

இதில் உயிர் விஷயமும் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கு மேல். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாக்கப்பட்டது. மழையில் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது அதுதான். நெடுஞ்சாலையில் தினமும் போகிறவன் இதை மைலேஜுக்கு முன்னால் வைத்து எண்ண வேண்டும். வண்டியில் மிச்சம் பிடித்து ஆஸ்பத்திரியில் செலவழிப்பதைச் சிக்கனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சி.சி. கட்சிக்கு ஒரு வார்த்தை

"அப்படிச் சொல்லுங்கள்! பெரிய வண்டிதானே வேண்டும்?" என்று சி.சி. கட்சியினர் கை தட்டக்கூடும். அவசரப்பட வேண்டாம் நண்பர்களே.

பெரிய எஞ்சின் என்பது ஒன்று. வேகத்துக்காகச் செய்த எஞ்சின் என்பது மற்றொன்று. 2023-ல் வந்த டிரையம்ப் ஸ்பீடு 400-ஐப் பாருங்கள். 398 சி.சி.; 40 குதிரை சக்தி. அருமையான யந்திரம். அதன் முழுச் சக்தி 8,000 சுற்றிலும், முழு இழுவை 6,500 சுற்றிலும் கிடைக்கிறது. ராயல் என்ஃபீல்டு 350-இன் புதிய எஞ்சின் 2020-ல் மீட்டியாரில் அறிமுகமாகி, பிறகு கிளாசிக்கிலும் ஹண்டரிலும் வந்தது. அதற்குக் குதிரை சக்தி 20 மட்டுமே. ஆனால் அதன் முழு இழுவை 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. அதே 2020-ல் வந்த ஹோண்டா சி.பி. 350-க்கு 3,000 சுற்றே போதும். இவ்விரண்டும் நீண்ட பிஸ்டன் ஓட்டம் உள்ள எஞ்சின்கள். முன்னதற்குச் சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர். பிஸ்டனின் ஓட்டமோ 85.8 மில்லிமீட்டர்.

இதன் பயன் என்ன? மேல் கியரில் போட்டு, கையை லேசாகத் திருகி வைத்தால், எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் மெல்லச் சுற்றியபடி வண்டியை இழுத்துச் செல்லும். சுற்றுக் குறைந்தால் உள்ளே உராய்வு குறைகிறது. உராய்வு குறைந்தால் பெட்ரோல் குறைகிறது. பெரிய வண்டியும் சிக்கனமாக இருக்க முடியும் என்பதன் ரகசியம் இவ்வளவுதான். மேற்கோள் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து ஒன்று தருகிறேன். 2012-ல் ஹோண்டா கம்பெனியார் என்.சி. 700 என்ற வண்டியை வெளியிட்டார்கள். 670 சி.சி. எஞ்சின். பின்னர் அதுவே 745 சி.சி. ஆயிற்று. ஜனங்கள் அன்றாடம் எந்தச் சுற்றில் ஓட்டுகிறார்களோ அந்தச் சுற்றுக்கென்றே அமைத்த எஞ்சின் அது. உச்ச வேகத்தைத் தியாகம் செய்து இழுவையை வாங்கிக்கொண்டார்கள். அதன் பலனாக 745 சி.சி. வண்டி லிட்டருக்குச் சுமார் 28 கிலோமீட்டர் ஓடுகிறது. நம் ஊரில் அதில் பாதி கன அளவுள்ள சில வேக வண்டிகள் கொடுப்பதும் அவ்வளவே. ஆகவே ஷோரூமில் "எத்தனை சி.சி.?" என்று கேட்பதைவிட, "முழு இழுவை எத்தனை சுற்றில்?" என்று கேட்பது அறிவுடைமை.

அரசாங்கமும் 350 சி.சி.யில் ஒரு வேலி போட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தில் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக ஏறிற்று. இன்ஷூரன்ஸிலும் அப்படியே. 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரிமியம், 150-க்கு மேல் 350 வரை ஆண்டுக்கு 1,366 ரூபாய். 350-க்கு மேல் போனால் 2,804 ரூபாய். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு சி.சி. எட்டி வைத்தாலும் செலவு இரட்டிப்பாகிறது. மாணவன் வேலிக்கு இந்தப் பக்கமே நிற்பது நலம்.

கணக்குப் பார்ப்போம்

மாதத்தில் 22 நாள், நாளுக்கு 90 கிலோமீட்டர். மாதம் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். விடுமுறை நீக்கிப் பத்து மாதம் என்றால் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர். கணக்குக்கு வசதியாகப் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கொள்வோம்.

நூறு சி.சி. வண்டி லிட்டருக்கு 60 கொடுத்தால் ஆண்டுக்கு 33,300 ரூபாய். 150, 160 சி.சி. வண்டி 45 கொடுத்தால் 44,400. நிதானமாகச் சுற்றும் 350 சி.சி. வண்டி 35 கொடுத்தால் 57,100. 400 சி.சி. வேக வண்டி 28 கொடுத்தால் 71,400. இரட்டைச் சிலிண்டர் 650 சி.சி. வண்டி 25 கொடுத்தால் 80,000.

இந்தப் பட்டியலில் நடுவில் நிற்கிற 350-ஐக் கவனியுங்கள். நூறு சி.சி.யைவிட ஆண்டுக்கு 23,800 ரூபாய் அதிகம் கேட்கிறது. 650-ஐவிட 22,900 குறைவாகக் கேட்கிறது. அந்த 23,800 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? நெடுஞ்சாலையில் மிச்சமாக ஒரு சக்தி, ஏ.பி.எஸ். பிரேக்; பஸ் உரசிக்கொண்டு போகும்போது காற்றில் தள்ளாடாத கனம்; வளாகத்தில் வந்து இறங்கியதும் கை மரத்துப் போகாமல் பேனா பிடிக்கும் நிலை. மாதத்துக்கு 2,400 ரூபாய்க்கு இது கிடைக்கிறது. பெங்களூரில் தனி அறை எடுத்தால் வாடகை அதைப்போல் பல மடங்கு. நாள்தோறும் இரண்டரை, மூன்று மணி நேரம் சாலையில் கழிக்கிறவனுக்கு இது ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். "150, 160 சி.சி. வண்டிக்கும் ஏ.பி.எஸ். உண்டே, 80-இல் அதுவும் போகுமே, ஆண்டுக்கு 12,700 ரூபாய் மிச்சமாகுமே, விலையும் குறைவாயிற்றே!" முற்றிலும் உண்மை. ஒரு வழித் தூரம் 30 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு அந்த வண்டியே போதும். அதற்கு மேல் வாங்குவது வீண். 15 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு 125 சி.சி.யே தாராளம். அவர்கள் 350 வாங்கினால் அதை நான் ஆதரிக்க மாட்டேன். நகரத்து நெரிசலில் 180, 190 கிலோ எடையைத் தள்ளிக்கொண்டு நிற்பதற்குப் பெட்ரோலும் கொடுத்து, தோள்வலியும் வாங்குவதாகவே அது முடியும். 40 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில், அதுவும் வாரத்தில் ஐந்தாறு நாள் என்றால் மட்டுமே 350 தன் கூலிக்கு வேலை செய்கிறது. இடைப்பட்ட 30, 40 கிலோமீட்டர்க்காரர்கள் தம் சாலையில் நெடுஞ்சாலை எவ்வளவு, நெரிசல் எவ்வளவு என்று அளந்து பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

ரயில் வந்துவிட்டதே!

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை திறக்கப்பட்டது. பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை 19 கிலோமீட்டர். அங்கே பச்சைப் பாதைக்கு மாறி நகரின் மறுகோடி வரை போகலாம். ஓசூரிலிருந்து பொம்மசந்திரா 20 கிலோமீட்டருக்குள். எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்ற இரு கண்டங்களையும் அந்த ரயில் தலைக்கு மேலேயே கடந்துவிடுகிறது. இனிப் பெரிய வண்டி எதற்கு என்று கேட்பார் உண்டு.

கேள்வி சரியானதே. பகல் நேர வகுப்போடு வேலை முடிந்துவிடும் மாணவர்கள், நிலையத்தருகே வண்டி நிறுத்த இடம் கிடைக்குமானால், ஒரு 125 சி.சி. வண்டியில் பொம்மசந்திரா வரை வந்து ரயில் ஏறுவதே உத்தமம் என்பேன். ரயிலில் புத்தகம் படிக்கலாம். மழையில் நனைய வேண்டாம். கணக்கும் அதற்கே சாதகம். ஆனால் ஆராய்ச்சி மாணவனின் கடிகாரம் வேறு. சோதனை முடியும்போதுதான் அவனுக்கு மாலை. கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில் பாதியில் விட்டுவந்த சோதனையை மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கே நான் 350-ஐச் சிபாரிசு செய்கிறேன். அவர்களும் அடைமழைக் காலத்தில் பொம்மசந்திராவில் வண்டியை விட்டு ரயில் ஏறினால் குறைந்துபோய்விட மாட்டார்கள்.

தேர்ந்தெடுக்கும் முறை

350 என்று முடிவு செய்த பிறகும் எந்த 350 என்ற கேள்வி இருக்கிறது. இங்கே பெயர்ப் பெருமையைப் பார்க்க வேண்டாம். உங்கள் உடம்பைப் பாருங்கள். கிளாசிக் 195 கிலோ. ஹண்டரும் ஹோண்டா சி.பி. 350-உம் 181 கிலோ. இந்த 14 கிலோ ஓடும்போது தெரியாது. சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து செல்லும்போதும், வீட்டு வாசலில் மேடேற்றும்போதும் தெரியும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். உயரம் குறைந்த நண்பர்களும், மாணவியரும் இதை முதலில் பார்க்க வேண்டும். "பெரிய வண்டி பெண்களுக்கு ஆகாது" என்று ஷோரூமில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கால் ஊன்றினால் ஆகும். ஊன்றாவிட்டால் ஆண்களுக்கும் ஆகாது.

ஷோரூம் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்து விலை பேசுவது மாப்பிள்ளையின் புகைப்படத்தை மட்டும் பார்த்து நிச்சயம் செய்வது போன்றது. முடிந்தால் அதே ரக வண்டி வைத்திருக்கும் நண்பரைக் கேட்டு, அரைமணி நேரமாவது நம் சாலையில் ஓட்டிப் பாருங்கள். முதுகு என்ன சொல்கிறது, மணிக்கட்டு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். ஓசூரிலேயே சர்வீஸ் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு ஆயில், பிரேக் கட்டை, செயின், டயர் எல்லாம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். ஆண்டுக்கு ஒரு பின் டயர் போகும் என்றே வைத்துக்கொண்டு பணம் ஒதுக்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல ஹெல்மெட், கையுறை, மழைக்கோட்டு ஆகியவற்றின் விலையையும் வண்டி விலையோடு சேர்த்தே கூட்டுங்கள். வண்டிக்குப் பணம் இருந்தது, ஹெல்மெட்டுக்கு இல்லை என்று சொல்லுகிறவனுக்கு வண்டிக்கும் பணம் இல்லை என்பதே பொருள்.

வண்டியை ஓசூரில் பதிவு செய்து அங்கேயே வைத்துக்கொண்டு வந்து போகிறவர்களுக்குத் தொல்லை இல்லை. நடுவில் விடுதிக்கு மாறி வண்டியையும் கர்நாடகத்தில் வைத்துக்கொள்ள எண்ணுகிறவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வேறு மாநிலத்தில் பதிவான வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்குரிய வரியையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்வது நல்லது.

கை தரும் மைலேஜ்

நல்ல வண்டியை வாங்கிவிட்டால் சிக்கனம் தானே வந்துவிடாது. பாதி மைலேஜைக் கம்பெனி தருகிறது. மறுபாதியை நம் வலக்கை தருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவது. 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. அந்த எதிர்ப்பைப் பெட்ரோலால்தான் வெல்ல முடியும்.

நான் டாங்கை நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வருகிறேன். 75, 80-ஐத் தாண்டாத என் கணக்கு லிட்டருக்கு 37 கிலோமீட்டர். அதே ரக வண்டியில், அதே சாலையில் வரும் நண்பர் ஒருவர் அவசரக்காரர். அவர் கணக்கு 31. ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டரில் எங்கள் இருவருக்கும் இடையே சுமார் 105 லிட்டர் வித்தியாசம், 10,500 ரூபாய். இதற்கு அவர் பெறும் லாபம் என்ன? திறந்த சாலையில் 20 கிலோமீட்டரை 80-இல் போனால் 15 நிமிஷம். 100-இல் போனால் 12 நிமிஷம். சம்பாதித்த அந்த மூன்று நிமிஷத்தைச் சில்க் போர்டு சந்திப்பு ஒரே விழுங்கில் விழுங்கிவிடுகிறது. நான்கு வழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு உச்ச வேகம் 80 என்று 2018-ல் மத்திய அரசு அறிவித்திருப்பதும் நினைவிருக்கட்டும். சட்டமும் கணக்கும் ஒன்றாகச் சேர்ந்து புத்தி சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

மற்றவை சிறிய விஷயங்கள். வாரம் ஒரு முறை டயரில் காற்றுப் பார்ப்பது, செயினுக்கு எண்ணெய் போடுவது, பாதிக் கிளட்சில் ஊர்ந்துகொண்டிராமல் இருப்பது, நீண்ட சிக்னலில் எஞ்சினை நிறுத்துவது. எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ல் நம் நாட்டில் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டிற்று. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஆறு, ஏழு சதவீதம் மைலேஜ் குறைவது இயற்கையே. பழைய விளம்பரத்தில் போட்ட எண்ணை வைத்துக்கொண்டு மெக்கானிக்கோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

கடைசியாக, பணம்

350 சி.சி. வண்டி சாலைக்கு வந்து சேர ஒன்றரை லட்சத்துக்கு மேல், சிலவற்றுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் ஆகிறது. நம்மில் பலர் வீட்டில் கல்விக் கடன் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் வண்டிக் கடனும் ஏறினால் ஒவ்வொரு மாதமும் தவணை கட்டுகிறவர் யார்? அநேகமாக அப்பா, அல்லது வேலைக்குப் போகும் அக்கா. அவர்களிடம் "எல்லோரும் வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லிப் பெரிய வண்டி கேட்பது எனக்குச் சம்மதம் இல்லை. "என் வழி இத்தனை கிலோமீட்டர்; ஆண்டுக்கு இத்தனை செலவு; சின்ன வண்டியில் இன்ன அபாயம்; பெரிய வண்டியில் இன்ன பயன்" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். அந்தத் தாளை எழுதும்போதே பாதிப் பேருக்குத் தங்களுக்கு 350 தேவையில்லை என்று தெரிந்துவிடும். மீதிப் பேருக்குத் தேவைதான் என்று வீட்டாருக்கும் தெரிந்துவிடும். புதிது வாங்க வசதி இல்லாதவர்கள் இரண்டு மூன்று வருஷம் ஓடிய வண்டியை, நம்பகமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று பார்த்து வாங்கலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

மோட்டார் சைக்கிள் நம்மைப் பட்டப் படிப்பின் முடிவு வரை கொண்டு சேர்க்க வேண்டிய ஒரு சாதனம். அதை மறைத்து வைக்க வேண்டியதும் இல்லை. ஊர்வலம் விட வேண்டியதும் இல்லை. தூரம் நீண்டிருந்தால் துணிந்து பெரிய வண்டி வாங்குங்கள், மெல்லச் சுற்றும் எஞ்சினாகப் பார்த்து வாங்குங்கள், 350-ஐத் தாண்டாதீர்கள், 80-ஐயும் தாண்டாதீர்கள். தூரம் குறைவாயிருந்தால் சிறிய வண்டியோடு திருப்தியடையுங்கள். மிச்சமாகும் பணத்தில் புத்தகம் வாங்குங்கள். இதை ஒப்பாத நண்பர்கள் தம் கணக்கு நோட்டோடு அடுத்த இதழில் எதிர்வாதம் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.